இரண்டு வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டில் நிற்காது, சாய்ந்து சாய்ந்து போகும். ஐந்தாம் வகுப்போடு பேனையை வைத்துவிட்டுக் குறடு பிடித்த கை இது. பிழைகளும் இருக்கும். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. முரசுமோட்டையில் பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. வாசலுக்கு ஒரு படலை, ஒரு கிணறு, ஒரு மோட்டார் சைக்கிள். யப்பானில் பிறந்து, எங்கெங்கோ உழைத்துக் களைத்து எங்களிடம் வந்து சேர்ந்த வண்டி அது. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து வாங்கியது. ஒருநாள் பெரியப்பா ஓடுவார், மறுநாள் அப்பா. பெரியப்பாவின் கொட்டிலில்தான் அது நிற்கும்.

அந்த வருடம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்துவிட்டது. மடையை யார் முதலில் அடைத்தது என்பதுதான் விஷயம். மூன்று மாதமாகப் பேச்சில்லை. அப்பா தன் முறை நாளில் கொட்டிலுக்குள் போவார், கூரையைப் பார்த்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

போரும் பொருளாதாரத் தடையுமாகப் பெற்றோல் வன்னிக்குள் வராத காலம். மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெற்றோல் கலந்துதான் ஓடினார்கள். "மூடியைத் திறந்து வைச்சியோ, பெற்றோல் பறந்து போயிடும்" என்று பெரியப்பா ஒருமுறை என்னை உறுக்கியிருந்தார். அதை நான் மனதில் வைத்திருந்தேன். ஒருநாள் எண்ணெய்த் தாங்கியின் மூடியை உற்றுப் பார்த்தபோது, நடுவில் ஊசி முனையளவு ஒரு ஓட்டை தெரிந்தது. மூக்கை வைத்தேன். பெற்றோல் மணத்தது. இவ்வளவு பெரிய ஆட்கள் இதைக் கவனிக்கவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்தது. அம்மா ஒளித்து வைத்திருந்த மெழுகுதிரித் துண்டில் கொஞ்சம் கிள்ளி ஓட்டையை அடைத்துவிட்டேன். பெற்றோல் மிஞ்சினால் என்னை ஏற்றிக்கொண்டு ஒருநாள் கிளிநொச்சிக்குப் போவார்கள் என்பது என் கணக்கு.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, பெரியப்பா ஓடிய சைக்கிள் வாய்க்கால் மடையடியில் நின்றுவிட்டது. உருட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார், இருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி உதைத்தார், உடனே பிடித்தது. "பிளக்தான்" என்றார். புதன்கிழமை அப்பா கொண்டுபோனார். அதே மடையடியில் நின்றது. அப்பாவும் மூடியைத் திறந்து பார்த்தார், காபரேற்றரை ஊதினார், பிடித்தது. "காபரேற்றர்தான்" என்றார். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி நின்றது.

"நிக்கிற இடத்தைப் பார்! அந்த மடைக்கு உண்மை தெரியுது" என்று பெரியப்பா முற்றத்து மாட்டுக்குச் சொன்னார்.

அன்று பின்னேரம் இரண்டு பேரும் கொட்டிலுக்குள் சைக்கிளின் இரண்டு பக்கமும் குந்தினார்கள். நடுவில் நான். அதற்குள் பெரியப்பாவும் காபரேற்றரை ஒருமுறை கழற்றிப் பூட்டியிருந்தார்.

"கொப்பனைக் கேள், பிளக் இடைவெளி பாத்தவனோ எண்டு" என்றார் பெரியப்பா.

அப்பா இரண்டு முழத் தூரத்தில்தான் இருந்தார். ஆனாலும் நான் கேட்டேன்.

"பாத்தது எண்டு சொல்லு. காபரேற்றரைக் கழட்டிப் பூட்டினாப் பிறகு ஒரு ஸ்குரூ மிஞ்சிக் கிடக்கு. அது ஆரின்ரை வேலை எண்டும் பெரியப்பரைக் கேள்."

"அது யப்பான்காரன் கூடப் போட்டது எண்டு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று தெரியாததால் அடக்கிக்கொண்டேன்.

பொழுது சாயும்போது பெரியப்பா எழுந்து, வளவு முழுக்கக் கேட்கத் தக்கதாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ளை சரிவராட்டிப் பிரிப்பம். எஞ்சின் எனக்கு, மிச்சம் அவனுக்கு. பிறகு வளவுக்கு நடுவாலை வேலியையும் போடுவம்."

கிணற்றடியில் அம்மாவும் பெரியம்மாவும் வாளியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். வேலி வந்தால் கிணறு யார் பக்கம் போகும் என்று எனக்கும் யோசனை வந்தது. எஞ்சின் இல்லாத சைக்கிளில் அப்பா எப்படிக் கிளிநொச்சிக்குப் போவார்?

வியாழன் காலை அப்பா மறுபடி மூடியைத் திறந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. சைக்கிளும் ஒரே உதையில் பிடித்தது. கோபத்தில் இருந்த இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை. போத்தலை வாயில் வைத்து உறிஞ்சினால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதேபோலத்தான் தாங்கியும் காற்றில்லாமல் எண்ணெயை விடமாட்டேன் என்று நிற்கிறது. எல்லாம் என் மெழுகால் வந்த வினை.

அவர்கள் கை கழுவப் போன நேரம், எலுமிச்சை முள்ளால் மெழுகு முழுவதையும் தோண்டி எடுத்தேன். பிறகு கிணற்றடிக்கு ஓடி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பெரியம்மாவும் உடுப்புக்குச் சவுக்காரம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தா.

"இப்ப எடுத்திட்டியோ?" என்றா பெரியம்மா.

"ஓம்."

அவா அம்மாவைப் பார்த்தா. அம்மா அவாவைப் பார்த்தா. "சரி, ஒருத்தரிட்டையும் சொல்லாதை. போய் விளையாடு" என்றா அம்மா.

அன்று பின்னேரமும் சைக்கிள் மடையடியில் நின்றது!

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அப்படியென்றால் பிழை என்னுடையதில்லை. துள்ளிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், பேச்சைக் காவும் என் பழைய வேலையைத் தொடங்கினேன். அப்பா எஞ்சினுக்குப் பக்கத்தில் கையை வைத்து எதையோ இறுக்கிக்கொண்டிருக்க, பெரியப்பா அதைப் பார்க்காமல் உதைத்துவிட்டார். உதைகம்பி திருப்பி அடித்தது.

"டேய், கையை எடடா!"

"எடுத்திட்டன் அண்ணை!"

மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த பேச்சு. இரண்டு பேரும் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள், நான்தான் சொன்னேன் என்பதுபோல. பிறகு பெரியப்பா மெல்ல, "கொப்பனைக் கேள், கை நொந்ததோ எண்டு" என்றார்.

"நோகேல்லை எண்டு சொல்லு" என்றார் அப்பா. நான் வாயைத் திறக்குமுன் பெரியப்பாவே அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை விடியத் தொடங்கிய பேச்சு மத்தியானம் வரையும் ஓயவில்லை. பிளக், காபரேற்றர் எல்லாம் தாண்டி மடைக்கு வந்தது. "ரெண்டுபேரும்தான் அடைச்சம்" என்று முடிந்தது. அந்த நேரம் பெரியம்மா இரண்டு குவளை தேத்தண்ணியோடு வந்தா. அவா மோட்டார் சைக்கிளில் ஏறினால் இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பா. பிளக் எது, விளக்கு எது என்று தெரியாது. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில், "இந்த மூடியிலை என்னவோ நீலமாய்க் கிடக்கு, பாருங்கோ" என்றா.

அப்பா குண்டூசியால் கிளறினார். "சவுக்காரம்!"

"உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் இதுக்குள்ளை எப்பிடி வந்தது?" என்று பெரியப்பா சிரிக்கத் தொடங்கினார், அப்பாவும் சிரித்தார். நான் வைத்தது வெள்ளை மெழுகு. நீலச் சவுக்காரத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தப்பினேன் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் என் மண்டையில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைத் தாங்கிமேல் இருத்திக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார்கள். பெரியப்பா ஓட, அப்பா பின்னால் இருந்தார். வேலிப் பேச்சு பிறகு வரவில்லை.

இப்போது என் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலிலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. போன கிழமை அது வழியில் நின்று நின்று வந்தது. மூடியைத் திறந்தேன், 'ஸ்ஸ்' என்றது. குளவி மண்ணால் ஓட்டையை அடைத்திருந்தது. முள்ளால் தோண்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த நீலச் சவுக்காரம் ஞாபகம் வந்து, கொட்டிலுக்குள்ளேயே இருந்து தனியாகச் சிரித்தேன். மனிசி எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

'அந்தச் சவுக்காரத்தை வைச்சது நீங்களோ?' என்று அம்மாவிடம் போய்க் கேட்டேன். "மோட்டச்சைக்கிளைப் பற்றி எங்களுக்கு என்னடா தெரியும்?" என்றா. நான் அம்மா ஒருத்தியை மட்டும் நினைத்துத்தான் கேட்டிருந்தேன், அவா 'எங்களுக்கு' என்றா.

இத்தனை வருடமும், அந்தச் சைக்கிளைத் திருத்தியது பெரியப்பாவும் அப்பாவும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: பட்டிப்பொங்கல் அன்று பின்னேரம்.