மாடியிலிருந்து இறங்கிய கேபிள்

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறேன். பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம் ஆரம்பித்தது, ஐந்து வருடமாக நடக்கிறது. ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருக்கும் மாடிவீட்டில் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு பழைய டெஸ்க்டாப். அதற்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் என் பதிவுகளைக் கேட்டே பட்டம் வாங்கிய ஒரு தம்பி. அவருக்கும் பார்வை கிடையாது. இப்போது தில்லை நகரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். திரையில் உள்ளதைக் கணினியே அவருக்கு வாசித்துச் சொல்லும். நான் மவுஸைத் தேடி எடுப்பதற்குள் அவர் விரல்கள் நாலு வேலையை முடித்திருக்கும்.

போன மார்ச் மாதம், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பொருளாதாரத்தில் கடைசிப் பாடத்தை வாசித்து முடித்துச் சேமிக்கப் போனேன். எழுத முடியாது என்றது கணினி. இன்னொரு பெயர் வைத்துப் பார்த்தேன். அதற்கும் அதே பதில். பதிவுகள் எல்லாம் இருக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க், படிக்க மட்டும்தான் விடுவேன், எழுத விடமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டது. ஐந்து வருட வாசிப்பு அதற்குள்தான். வேறெங்கும் முழுசாக ஒரு நகல் இல்லை. நகல் எடுத்து வையுங்கள் என்று தம்பி சொன்ன ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன் போட்டேன். அவர் பதறவில்லை. ஒரு கட்டளையைத் தட்டச் சொன்னார். கணினி தனக்குள் நடந்ததையெல்லாம் எழுதி வைத்திருக்கும் குறிப்பு திரையில் ஓடியது. வாசிங்க மேடம் என்றார். வாசிப்பதுதானே என் தொழில், எண்களும் புள்ளிகளுமாக இருந்த வரிகளை ஒன்றுவிடாமல் வாசித்தேன். இணைப்பு விட்டுப்போனது, மீண்டும் இணைக்கிறேன், மீண்டும் விட்டுப்போனது என்று ஒரே பல்லவி. அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கை. கெட்டுப்போன இடங்கள் சைபர். சந்தேகத்துக்குரிய இடங்கள் சைபர். வழியில் சிதைந்த செய்திகள் என்பதற்கு நேராக மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஓர் எண் நின்றது.

அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. போனை சிபியு பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னார். வைத்தேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது மூச்சை அடக்குவதுபோல நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"டிக் டிக்னு தட்டுற சத்தம் இல்ல மேடம். சீராத்தான் சுத்துது. எனக்கென்னவோ டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, அதுக்குப் போற கேபிள்லதான் கோளாறுன்னு தோணுது."

அப்படியானால் கேபிளை மாற்றிவிடலாமே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தன் காதை மட்டும் நம்பி அணைத்துவிட்டு, மறுபடி போடும்போது டிஸ்க் எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது? முதலில் எல்லாவற்றையும் வேறொரு கணினிக்கு நகல் எடுக்க வேண்டும், அதுவரை பெட்டியைத் தொடக்கூடாது, அணைக்கவும் கூடாது என்றார். பக்கத்தில் யாரிடமாவது பெரிய டிஸ்க் உள்ள கணினி இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. கீழ்வீட்டில். சங்கடமும் அங்கேதான்.

கீழ்வீட்டு அம்மாவும் நானும் மூன்று மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அவர் கணவருக்குத் துறையூரில் விதைக் கடை, காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார். இந்த அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் சத்தம் என் பதிவில் விழுகிறது என்று ஒருநாள் படியில் நின்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். வகுப்பறைக் குரல் இன்னும் போகவில்லை எனக்கு. அவரும் சும்மா இருக்கவில்லை, மாவை வாயாலயா அரைக்க முடியும் என்று கேட்டார். மறுநாளே நான் மேசையைக் கொல்லைப்பக்க ஜன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு நகர்த்தி, ஜன்னலையும் சாத்திவிட்டேன். அவர் மகள் சென்னைக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன டெஸ்க்டாப் ஒன்று அங்கே கூடத்தில் துணி போர்த்தி இருப்பதை, நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.

படி இறங்க எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. மனதுக்குள் முன்னுரை, விளக்கவுரை எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் உளுந்து களைந்துகொண்டிருந்தார். நான் விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, கணினி மேலிருந்த துணியை எடுத்துவிட்டார். மகளுக்குப் போன் போட்டு பாஸ்வேர்டு கேட்டதும் அவரே. நல்ல காலம், அந்தப் பெண் காலேஜில் படிக்கும்போதே அதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தாள். டிஸ்க்கிலும் நிறைய இடம் காலி.

என் வைஃபை கீழ்வீட்டின் தடித்த சுவர்களைத் தாண்டி எட்டாது. அதனால் தில்லை நகர் போய் இருபது மீட்டர் நெட்வொர்க் கேபிள் வாங்கி வந்தேன். மாடி ஜன்னல் வழியாக நான் கீழே விட்டேன், அவர் கிணற்றுக் கயிறு இழுப்பதுபோல இழுத்து உள்ளே கொண்டுபோனார். தம்பி போனில் சொல்லச் சொல்ல, என் கணினிக்கு ஒன்று என்று முடியும் முகவரியும் கீழே இருப்பதற்கு இரண்டு என்று முடியும் முகவரியும் கொடுத்தோம். இங்கிருந்து கூப்பிட்டால் அங்கிருந்து பதில் வந்தது. நகல் எடுக்க ஆரம்பித்தது.

ஒன்றரை மணி நேரத்தில் முடியும் என்று தம்பி சொல்லியிருந்தார். திரை பத்து மணி நேரம் என்றது. இணைப்பின் வேகத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, அதில் நாலு மட்டும் தொட்டால் இப்படித்தான் தவழும், எங்கேயோ ஒரு முனை சரியாகப் பொருந்தவில்லை என்றார். மாடியில் என் முனையை அழுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. கீழே போனேன். அந்த அம்மா கணினியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, துவாரம் முழுக்கத் தூசி என்றார். கிரைண்டர் கல்லைத் துடைக்கும் சின்ன பிரஷ் ஒன்றை, காய்ந்ததாகப் பார்த்து எடுத்து வந்து நாலு தட்டுத் தட்டி, கேபிளைச் செருகினார். டக் என்று ஒரு சத்தம். மேலே ஓடிப்போய்ப் பார்த்தால் முழு வேகம்.

நடுநடுவே டிஸ்க் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. ஆனால் நகல் எடுப்பது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. ஒவ்வொரு புத்தகமாகக் கீழே போய்ச் சேர்ந்துகொண்டிருக்க, நான் அவர் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை அவர் இன்னும் போடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கிரைண்டர் ஓடினால் நகலுக்கு ஒன்றும் ஆகாது, அரையுங்கள் என்றேன். அவர் வேறொன்று கேட்டார்.

"ஏன் டீச்சர், அந்தக் கோடு மேலேருந்து கீழ வளைஞ்சு வருதுன்னு வாசிச்சீங்களே. எதுக்கு வளையுதுன்னு சொல்றதுக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டீங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. படம் பார்க்க முடியாதவர்களுக்காகப் பாடத்திலுள்ள வரைபடங்களை நான் வாயால் வரைந்து சொல்வேன். கிடைக்கோட்டில் ஒரு பொருள், நிலைக்கோட்டில் இன்னொன்று, நடுவே வளைந்து இறங்கும் ஒரு கோடு. மாவை பாக்கெட்டில் நிரப்பும் வேலையை இவர் என் ஜன்னலுக்கு நேர்கீழே கொல்லையில் உட்கார்ந்துதான் செய்வாராம். நான் ஜன்னலைச் சாத்தும்வரை ஒன்றரை வருடம் பொருளாதாரமும் வரலாறும் கேட்டுக்கொண்டே பாக்கெட் கட்டியிருக்கிறார். காப்பியோடு அவர் வைத்திருந்த தட்டிலிருந்து இரண்டு வாழைப்பழத்தையும் நாலு முறுக்கையும் எடுத்து வைத்து, ஒன்று அதிகம் வேண்டுமானால் இன்னொன்றைக் கொஞ்சம் விட வேண்டும், விட விட மிச்சமிருப்பதை விட மனசு வராது, அதனால் கோடு நேராகப் போகாமல் வளைகிறது என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அவ்வளவுதானா," என்றார்.

மதியம் மூன்று மணிக்கு நகல் முடிந்தது. நாலைந்து பதிவுகளைத் திறந்து கேட்டுப் பார்த்த பிறகே தம்பி பெட்டியை அணைக்கச் சொன்னார். பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது கோளாறு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. டிஸ்க்குக்குப் போகும் சிவப்புக் கேபிள் மூடியின் விளிம்பில் சிக்கி மடங்கி, காகிதம்போல நசுங்கியிருந்தது. மேசையை உள்ளறைக்கு நகர்த்திய அன்று, கோபத்தில், உள்ளே தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று மூடியைக் கழற்றி மாட்டியது நான்தான். இதைத் தம்பியிடம் சொன்னேன். கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அவர் சிரித்த சிரிப்பில் உளுந்துத் தட்டு சாய்ந்தது.

புதுக் கேபிள் போட்டதும் டிஸ்க் ஒழுங்காக எழுதியது. கடைசிப் பாடத்தை மறுபடி வாசித்து, பரீட்சைக்குப் பதினைந்து நாள் முன்னால் மாணவர்களுக்கு அனுப்பிவிட்டேன். மேசையும் பழைய ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டது. அரைக்கும் நேரம், வாசிக்கும் நேரம் என்று பிரித்துக்கொண்டோம். சொல்லப்போனால் முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் வரலாறு படித்து பி.ஏ. முடித்தவராம் அந்த அம்மா. ஜூனில் ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, நீங்கள் ஒரு பாடம் வாசித்துப் பாருங்களேன் என்று மைக் முன்னால் உட்கார வைத்தேன். முதல் பக்கத்தில் ஏழு இடத்தில் தடுமாறினார். பிறகு மைக்கை மறந்துவிட்டார். நடுவில் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைச் சொந்தமாகச் சேர்த்து ராஜாவைத் திட்டினார், அதை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினேன்.

எப்படி இருந்தது என்று ஒரு மாணவியிடம் போனில் விசாரித்தேன். "அவங்க வாசிச்சா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்குங்க மேடம். நீங்க வாசிச்சா நாளைக்குப் பரீட்சை மாதிரி இருக்கு," என்றாள். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. வரலாற்றில் மூன்று வருடப் பாடங்களையும் வாசிக்கக் கீழ்வீட்டுக்கே கொடுத்துவிட்டேன்.