பாக்கு மட்டையில் காஷ்மீர்

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே பஸ் ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது. சேலத்தில் ரயிலைப் பிடித்தால்தான் காஷ்மீர். புதிதாகக் கல்யாணமான நானும் என் கணவரும் பனிச்சறுக்குத் திட்டத்தை மறுபடி அலசுகிறோம். புளிக்கூடையோடு பக்கத்தில் நிற்கும் சித்தேரி மலைக்கார அம்மா கேட்கிறார்:

"சறுக்கறதுக்கா அவ்ளோ தூரம் போறீங்க? இவருக்குச் சறுக்கத் தெரியுமா?"

"போய்த்தாங்க கத்துக்கணும்."

"இங்கயே கத்துக்கிட்டுப் போவட்டும்!"

தோப்பிலிருந்து ஒரு பாக்கு மட்டையை இழுத்து வந்து, காய்ந்த புல் சரிவில் இவரை அதில் உட்கார வைத்து ஒரே தள்ளு. வேட்டி பறக்க அலறிக்கொண்டே போய் வைக்கோல் போரில் முட்டி நிற்கிறார். அடுத்து நான். அதற்குள் பஸ்ஸே வரிசை கட்டிவிட்டது.

தண்ணீர் ஊற்றியாயிற்று என்று கண்டக்டர் விசில் ஊதுகிறார். டிரைவரைக் காணோம். திரும்பிப் பார்க்கிறேன். வரிசையில் எனக்குப் பின்னால், கையில் மட்டையோடு நிற்கிறார்.