பிடியா, பிடுவா?

மைசூரில் ஞாயிறு காலை நாய்களுக்கும் வளர்ப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என் கணவரின் பிடிவாதத்தால் எங்கள் ஜிம்மியை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போனோம். பயிற்சி தருபவர் கன்னடக்காரர், விறைப்பான மனிதர். பத்து நாய்கள் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, ஜிம்மி மட்டும் பாய்ந்து அவர் பேன்ட்டைக் கவ்வியது.

“பிடு! பிடு!” என்று அவர் அலறினார். கன்னடத்தில் அதற்கு ‘விடு’ என்று அர்த்தம். வீட்டில் பந்தை எறிந்து “பிடி, பிடி” என்று பழக்கியிருந்தது நாங்கள்தான். ஜிம்மி குஷியாகி இன்னும் இறுக்கியது. பதற்றத்தில் என் கணவரும் “பிடு, பிடு” என்று கத்தினார்.

“அது கெட்டியா புடிக்குது, நீங்க வாயை மூடுங்க!” என்று கத்திவிட்டு, ஜிம்மியின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் பேன்ட் துணியோடு வந்தது. காலில் பல் படாதது எங்கள் நல்ல நேரம்.

“நாய்க்கு இருக்கட்டும்மா, மொதலு உங்க ரெண்டு பேருக்கும் டிரெய்னிங் வேணும்” என்றார் அவர். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

இப்போது வகுப்பில் சொல்லும் சொற்களையே வீட்டிலும் சொல்கிறோம். பந்து விளையாட்டுக்கு ‘கேட்ச்’. மறந்துபோய் யாராவது ‘பிடி’ என்றால் திட்டு அவருக்குத்தான், ஜிம்மிக்கு இல்லை.