நர்சிங் விண்ணப்ப மேசை

நர்ஸ் ஆவது அப்படியொன்றும் கஷ்டமில்லை, நர்ஸ் ஆவதற்கு விண்ணப்பிப்பதுதான் கஷ்டம் என்பது விண்ணப்பம் வாங்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக் கடைக்கு மேல்மாடியில் நடந்த சமுதாயக் கல்லூரியில் ஏழு வருடம் அந்த மேசை என்னுடையதாக இருந்தது. பத்தாவது முடித்தவர்களுக்கு ஒரு வருடச் செவிலியர் உதவியாளர் படிப்பு. மொத்தம் முப்பது இடம். விண்ணப்பம் கொடுப்பது, திருப்பி வாங்குவது, ‘ஜெராக்ஸ் எங்கே?’ என்று கேட்பது, குறை கண்டுபிடிப்பது எல்லாம் நான்தான். குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். போட்டோவில் காது தெரியவில்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து கட்டத்தைத் தாண்டிக் கால் நீட்டியிருக்கிறது என்று புது விண்ணப்பம் எழுத வைத்திருக்கிறேன். என்னைப் போல மேசை பார்த்தவர்களும், எங்களைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொண்டு படியேறி இறங்கியவர்களும் இதைப் படித்தால், இரண்டு பக்கத்து வயிற்றெரிச்சலும் கொஞ்சம் ஆறும் என்று நினைக்கிறேன்.

எங்கள் முதல்வர், அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத்தெரு முழுக்க அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் சொல்லும். அவர் ஒருவருக்குத்தான் நான் பயந்தேன்.

நான்கு மாதத்தில் இரண்டு பிள்ளை

தவமணியின் ஊர் வெள்ளிமலைக்கு அப்பால். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் கிடைத்தால் ஜீப், கிடைக்காவிட்டால் நடை. அவள் எங்களுக்கு விண்ணப்பிப்பது அது மூன்றாவது தடவை. முதல் வருடம் சாதிச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த வருடம் மார்க் ஷீட்டைக் கரையான் தின்றுவிட்டது, நகல் வாங்கி வருவதற்குள் அதுவும் போய்விட்டது. இந்தத் தடவையும் இடம் கிடைக்காவிட்டால், ஐப்பசி பிறந்ததும் குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், திரும்பி வந்ததும் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் தவமணி சொல்லவில்லை. கூட வந்த அம்மா குப்பம்மாள்தான் படியேறிய மூச்சு வாங்கலோடு சொன்னார்.

குப்பம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எது எந்தப் பெண்ணுடையது என்று தெரியாததால் இரண்டு பெண்களின் மார்க் ஷீட்டையும் எடுத்து வந்திருந்தார். நான் சும்மா இருப்பேனா? இரண்டையும் விரித்துப் பார்த்தேன். அக்கா பிறந்தது ஜூனில், தங்கை பிறந்தது அதே வருடம் அக்டோபரில். எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. “ஏம்மா, நாலு மாசத்துல ரெண்டு புள்ள எப்படிம்மா பொறக்கும்?” என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதி தெரியாத பிள்ளைகளுக்கு வாத்தியாரே ஒரு தேதியை எழுதிக்கொள்வது எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன், அதுதான் மேசைக் குணம். தவமணி தலையைக் குனிந்துகொண்டாள். குப்பம்மாள் அசரவே இல்லை.

“நான் ரெண்டு வருசம் தள்ளித்தாம்மா பெத்தேன். வாத்தியாரு அவசரப்பட்டு பெத்துட்டா, அதுக்கு நான் இன்னா பண்றது?”

மாமியார் சிபாரிசு

பெற்றோர் கூட வருவார்கள், அண்ணன் வருவான், சில சமயம் நிச்சயம் செய்த மாப்பிள்ளைகூட வந்து வெளியே நிற்பான். ஒரே ஒரு தடவைதான் மருமகளுக்கு விண்ணப்பம் வாங்க மாமியார் வந்து பார்த்தேன். மருமகளுக்கு முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள், கூலி வேலை. புருஷனுக்கு இஷ்டமில்லையாம். அந்த அம்மா மகனிடம் மூன்று நாள் பேசாமல் இருந்து சம்மதம் வாங்கியிருக்கிறார். அப்படி ஒரு பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாய்விட்டே பாராட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாசமும் இருக்குது, சுகரும் இருக்குதுங்க. ரெண்டுத்தையும் வூட்லயே பாத்துக்க ஒரு ஆளு வேணாங்களா?”

ஒரு நிமிடம் கையைப் பிடி

நேர்காணலுக்கு முன்னால் பத்து நாள் முன்தயாரிப்பு வகுப்பு. தெர்மாமீட்டர் பார்ப்பது, நாடி எண்ணுவது, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது என்று அடிப்படைகள். தவமணி அந்தப் பத்து நாளும் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்து மாமா வீட்டில் தங்கி வந்து போனாள். நாடி வகுப்பில் பெரிய சிஸ்டர் பெயர் வரிசைப்படி ஜோடி சேர்த்துவிட்டார். தவமணிக்கு அடுத்த பெயர் நிவேதா. தியாகதுருகம் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண். அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடிகிறவரை படியிலேயே நிற்பார்.

ஒருத்தியின் மணிக்கட்டை இன்னொருத்தி ஒரு முழு நிமிடம் பிடித்து எண்ண வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு நிமிடம் ரொம்ப நீளம். முதல் நாள் நிவேதா இருபது எண்ணியதும் கையை விட்டுவிட்டாள். தவமணியோ பிடிக்கலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். சிஸ்டர் விடவில்லை, மறுபடி மறுபடி எண்ண வைத்தார். நான்காம் நாள் பார்த்தால், வகுப்பு முடிந்த பிறகும் இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நிவேதாவின் அப்பாவும் பார்த்தார்.

நேரே என் மேசைக்கு வந்து, “எங்க பொண்ண வேற யார் கூடவாவது போட முடியாதுங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். காரணம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்த நிவேதா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். பாவம், அவர் ஒரு நிமிடம் அசையாமல் நின்றார்.

“தொண்ணூத்தாறு போவுது. கோவம் வந்தா ஜாஸ்தி அடிக்கும்னு தவமணிதான் சொன்னா. கொஞ்சம் உக்காருப்பா.”

ஏன் நர்ஸ் ஆக வேண்டும்?

நேர்காணலில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ‘மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் சிறு வயது லட்சியம்’ என்று எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி சொல்வார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பதால் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த எனக்கு அன்று முழுக்கக் கூச்சமாக இருந்தது. வெளியிலிருந்து வந்திருந்த டாக்டர் பதினைந்தாவது லட்சியத்தில் கொட்டாவி விட்டார்.

தவமணியும் ‘மக்களுக்கு’ என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. முழித்தாள். போச்சு, மூன்றாவது வருடமும் போச்சு என்று நான் பேனாவை மூடினேன். பெரிய சிஸ்டர், “அத வுடும்மா, உனுக்கு தோணுனத சொல்லு” என்றார். அவள் தன் ஊருக்குத் தடுப்பூசி போட வருகிறவர்களைப் பற்றிச் சொன்னாள். ஊசி என்றதும் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலா மரத்தில் ஏறிக்கொள்ளுமாம். கொட்டாவி விட்ட டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மரத்துல ஏறி எறக்கினு வர்றது நானு, மடியில வச்சி புடிச்சிக்கறது நானு, அப்பறம் அழுவுற புள்ளைய சமாதானம் பண்றதும் நானுங்க. ஊசிய மட்டும் வேற யாரோ போடுறாங்க.”

கைபேசி எண் என்று ஒரு கட்டம்

விண்ணப்பத்தில் கைபேசி எண் எழுத ஒரு கட்டம் உண்டு. பத்துக் கட்டமும் நிரம்பாவிட்டால் நான் வாங்க மாட்டேன். தவமணி வீட்டில் போன் கிடையாது. பெரியப்பா மகனிடம் ஒன்று உண்டு, அது அவனோடு ஊர் ஊராகப் போய்விடும். கட்டத்தைக் காலியாக விடவும் எனக்கு மனசு வரவில்லை, அவளைத் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. என் எண்ணையே எழுதிவிட்டேன். விதியையும் காப்பாற்றி, பெண்ணையும் காப்பாற்றிவிட்டதாக எனக்கு அன்று ஒரே பெருமை.

நேர்காணல் முடிந்து அவள் மலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகன் ஊருக்கு வரும்போது, அவன் போனை வாங்கிக்கொண்டு ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நிற்பாள். அங்கேதான் சிக்னல். காற்று இரைச்சலுக்கு நடுவே, “லிஸ்ட்டு வந்துடுச்சா டீச்சர்?” என்பாள். மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு டீச்சர்தான். மூன்றாவது ஞாயிறு, சோற்றுக்கு உலை வைத்திருந்த நேரம், எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “வந்தா நானே சொல்ல மாட்டனா? எதுக்கு வாரா வாரம் கேக்கற?” என்று கத்திவிட்டேன். அவள் குரலில் கோபமே இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

“நீங்க கீழ இருந்து சொன்னா, மேல எனுக்கு எப்புடி டீச்சர் கேக்கும்?”

வீட்டுக்காரர்

பட்டியல் ஒரு புதன்கிழமை தயாரானது. தவமணி பெயர் இருந்தது. கல்லூரி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். தேர்வானவர்களுக்குத் தகவல் சொல்வது பெரிய சிஸ்டரின் வேலை. தன் அறையிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு என் மேசையில் என் போன் அடித்தது. “ஹலோ, தவமணி வூடுங்களா?” என்றார். “ஆமாங்க சிஸ்டர்” என்றேன். திறந்திருந்த கதவு வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது. அவள் அடுத்து பாறைக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைதான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சிஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

“வூட்டுக்காரங்க நீங்கதானா? அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள பொண்ண கூட்டினு வந்து வுடுங்க.”

வெள்ளிக்கிழமை ஐந்து மணி

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வெள்ளிமலை டீக்கடையில் கொடுத்து, டீக்கடைக்காரர் ஜீப் டிரைவரிடம் கொடுத்து, வியாழன் சாயங்காலம் சீட்டு அவள் கைக்குப் போய்விட்டது. இதை வெள்ளிக்கிழமை காலையில் கண்டக்டரே போனில் சொன்னார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு மறுபடி அவர் போன். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நிற்கிறது என்றார். “உங்க பொண்ணு வண்டியிலதாங்க இருந்துச்சி. எறங்கி நடந்து போய்க்கினு இருக்குது” என்றார்.

மலை இறக்கத்தை நடந்து கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஐந்து மணிக்குள் வர முடியாது என்று எனக்கும் தெரியும். இருந்தும் படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். ஐந்து அடித்தது. பதிவேட்டில் இருபத்தொன்பது பெயருக்கு எதிரே கையெழுத்து இருந்தது. தவமணிக்கு எதிரே காலி. அதன் கீழே சிவப்புக் கோடு போட்டுவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் முதல் பெண்ணைக் கூப்பிட வேண்டும். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்து, ‘நேரில் வந்தார். அசல் சரிபார்க்கப்பட்டது. 4.50’ என்று எழுதினேன்.

சிஸ்டர் வந்தார். “மலைப் பொண்ணு வந்துட்டாளா கலா?” என்றார். “வந்துட்டா சிஸ்டர்” என்றேன். அவர் பதிவேட்டைப் பார்த்தார். எதிரே இருந்த காலி பெஞ்சைப் பார்த்தார். “அவ்ளோ தூரம் நடந்து வந்திருக்கா, உக்கார சொல்லு” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

காத்திருந்த அந்த முதல் பெண்ணுக்கு நான் செய்தது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். சேர்ந்தவர்களில் ஒருத்தி விலகி, இருபது நாளில் அவளுக்கும் ஓர் இடம் வந்தது. அதுவரை நான் வேண்டாத சாமியில்லை.

மறுநாள் காலையில் நான் வந்தபோது தவமணி மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. இருட்டியதும் மாமா வீட்டில் தங்கி, விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். சான்றிதழ்கள் உரச்சாக்குத் தாளில் சுற்றி நனையாமல் இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். “அஞ்சு மணி போயிடுச்சின்னு தெரியும் டீச்சர். நான் கெளம்பி வந்தேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு போலாம்னுதான் வந்தேன்” என்றாள். நான் பையில் கதவுச் சாவியைத் தேட ஆரம்பித்தேன். பின்னாலேயே படியேறி வந்த பெரிய சிஸ்டர் எதையும் தேடவில்லை.

“நேத்தே வந்து சேந்துட்டு, கையெழுத்து போட மறந்துட்டு போய்ட்டியேம்மா. உள்ள போயி போடு.”

குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஏழு வருடத்தில் நான் கண்டுபிடித்த பெரிய குறை, விண்ணப்பத்தில் ‘மாலை ஐந்து மணிக்குள்’ என்று அச்சடித்த எங்களில் ஒருவர்கூட, நான் உட்பட, அதுவரை மலைக்குப் பஸ் ஏறியதில்லை என்பதுதான்.