அத்தை கல்யாணத்தில் அமெரிக்கக் கெட்டிமேளம்

பிள்ளைகளே, இன்று காலை உங்கள் போனில் கிடாரும் இரண்டு டிரம்முமாக ஒரு பாட்டு ஓடியது. அதைக் கேட்டதும் பச்சைத் தென்னங்கீற்று மணக்கும் உங்கள் அத்தையின் கல்யாணப் பந்தலுக்கே போய்விட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

தாலி கட்டும் நேரம். மேளக்காரர்கள் ஏறிய பஸ் திருவையாற்றிலேயே நின்றுபோயிருந்தது.

"கெட்டிமேளம் இல்லாம எப்படிங்க?" என்று உங்கள் தாத்தா கண்கலங்கினார்.

துபாயிலிருந்து வந்திருந்த என் மாமா, இதே பாட்டு இருந்த தன் கேசட்டை மைக்செட்டில் போட்டார். இரண்டு டிரம்மும் அதிர, தாலி ஏறியது.

மூச்சிரைக்க வந்த தவில்காரர் வாசலிலேயே நின்றார். "எந்த ஊரு செட்டுங்க இது?"

"அமெரிக்காவுல தெக்க, பருத்தி வெளையிற பக்கம். அண்ணன் தம்பி, கூட்டாளிங்கன்னு கொட்டகையில வாசிச்சுப் பழகுனவங்க" என்றார் மாமா.

"அட, நம்மள மாதிரிதான்! கேசட்ட நிறுத்தாதீங்க" என்று தவிலை மாட்டிக்கொண்டார்.

அந்தப் பாட்டை அத்தையிடம் போட்டுக் காட்டுங்கள். "என் கல்யாணத்துக்கு மூணு தவிலு!" என்பார்.