மலை மறைத்தால் பொழுது அடையுமா?

“பொழுதுதான் அடஞ்சிருச்சே” என்றார் அத்தான். சூரியன் அஸ்தமித்துவிட்டது என்று நான் அதை ஆங்கிலத்தில் போட்டுக்கொடுத்தேன். பின்சீட்டிலிருந்த விருந்தாளியின் முகம் தொங்கிப்போனது. அதே நொடியில் ஜீப் ஒரு வளைவில் திரும்ப, கீழே சமவெளி தெரிந்தது. போடி முழுக்க மலை நிழலுக்குள் கிடந்தது. ஆனால் அதைத் தாண்டி, தேனிப் பக்கத்துத் தோட்டங்களில் பளீரென்று வெயில். அஸ்தமித்த சூரியன் அங்கே மட்டும் எப்படி அடிக்கும்?

பிறந்ததிலிருந்து இந்த ஊர் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு மேற்கே மலை. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் போனதும் பொழுது அடைந்தது என்று தீர்ப்பெழுதிவிட்டு, வீட்டில் லைட்டையும் போட்டுவிடுவோம். இயற்பியல் படித்துப் பட்டமும் வாங்கிய எனக்கு ஒருநாள்கூட இதில் சந்தேகம் வந்ததில்லை. பட்டம் கொடுத்தவர்கள்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விருந்தாளி ஏலக்காய் வாங்க வந்த வெளிநாட்டு வியாபாரி, யூதர். நாற்பது வயதிருக்கும். நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். வண்டி ஓட்டிய அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். காலையில் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டுக்குப் போய், காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எஸ்டேட்காரர் மீன்குழம்பும் கப்பைக்கிழங்கும் வைத்து உபசரித்தார். விருந்தாளி தன் மதத்தின் உணவு விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், வாழைப்பழத்தை மட்டும் தின்றார். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து வாந்தி மாத்திரை போட்டவர், ஏறி உட்கார்ந்ததும் தூங்கியே போனார். விழித்துப் பார்த்தால் சுற்றிலும் நிழல். போனில் சார்ஜ் இல்லை. மதியத் தொழுகையை இன்னும் முடிக்கவில்லை.

அதற்கு மின்ஹா என்று பெயராம். மதியம் தாண்டியதும் ஆரம்பிக்கலாம். எந்த நேரத்துக்குள் முடிப்பது என்பதில்தான் காலங்காலமாகச் சண்டை. பகலைப் பன்னிரண்டு பங்கு போட்டு, கடைசி ஒன்றேகால் பங்குக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி. நட்சத்திரம் தெரியும்வரை தாங்கும் என்று தாராளமாக ஒரு கட்சி. இவருடைய கட்சி, சூரியன் இறங்குவதற்குள். ஒரு நாளும் விட்டதில்லை, இன்று தூங்கித் தொலைத்தேன் என்று ஏறக்குறைய அழும் குரலில் சொன்னார்.

நான் அவசரமாக என் மொழிபெயர்ப்பை வாபஸ் வாங்கினேன். சூரியன் போகவில்லை, மலைதான் மறைக்கிறது என்று தேனிப் பக்கம் கையைக் காட்டினேன். மலை மறைப்பது தன் கணக்கில் அஸ்தமனம் ஆகாது என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வளைவில் போடி டவர் கிடைத்தது. என் போனில் பார்த்தேன். ஆறு மணிக்குச் சற்று முன்னால்தான் நிஜ அஸ்தமனம். இன்னும் அரைமணி நேரம் நன்றாகவே இருந்தது. வண்டியை ஓரங்கட்டினால் போதும்.

“அத்தான், ஓரமா நிப்பாட்டுங்க. சாரு சாமி கும்பிடணுமாம்.”

“இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஆறு மணி வரைக்கும் ராகுகாலம். நிப்பாட்டுனா மறுபடி எடுக்கணும்ல ஏத்தா.”

அத்தானின் சட்டம் இது: ராகுகாலத்தில் வண்டி ஓடலாம், கிளம்பக்கூடாது. நாலரைக்குள் சக்கரம் உருள வேண்டும் என்றுதான் எஸ்டேட்டிலிருந்து எங்களை விரட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒருமுறை ராகுகாலத்தில் எடுத்து இதே ரோட்டில் டயர் வெடித்ததாம். அந்த டயர் அவர் தலையைவிட வழுக்கையாக இருந்ததை அவர் சொல்வதில்லை. ஆறு வரை நின்றுவிட்டுப் போகலாம் என்றேன். யானை வந்தால் யார் பதில் சொல்வது என்றார்.

விருந்தாளியை ஆறு மணிக்குள் தொழவைக்க வேண்டும். அத்தானோ ஆறு மணிக்கு முன்னால் நிற்க மாட்டார். காலண்டர் ராகுகாலம் குத்துமதிப்பு, பகலை எட்டாகப் பிரித்துச் சரியாகப் போட்டால் வேறு நேரம் வரும் என்று மனக்கணக்கில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ராகுவுக்குக் கடைசிப் பங்கு. அதாவது ராகுகாலம் முடிவது அஸ்தமனத்தில், மின்ஹா முடிவதும் அதே அஸ்தமனத்தில். என் படிப்பு எனக்கே குழி வெட்டியது.

விஞ்ஞானத்தை விட்டுவிட்டு வக்கீல் வேலையில் இறங்கினேன்.

“நாலரைக்கு அப்புறம் செக்போஸ்ட்ல நின்னோமே, அது மட்டும் கணக்கில்லையா?”

“அங்க எஞ்சின ஆப் பண்ணலையே. ஆப் பண்ணாட்டி நின்னதாவாது.”

சொல்லி முடித்ததும் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. கண்ணாடியில் என்னை முறைத்தார். சிரித்தார். அடுத்த வளைவில் அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி, எஞ்சினை உறுமவிட்டபடியே பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் குதித்து, ஒரு கல்லைத் தூக்கி டயருக்கு அண்டக்கொடுத்தேன்.

விருந்தாளிக்கு இந்தச் சட்டத்தை விளக்கியபோது வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் ஊராக இருந்தால் இதற்கு இரண்டு கட்சி பிறந்திருக்கும், பெரிய புத்தகமே எழுதியிருப்பார்கள் என்றார். பிறகு டீசல் புகைக்கு எட்டாமல் தள்ளிப் போய், அவர்களுடைய புனித நகரம் இருக்கும் மேற்கே, சூரியனை ஒளித்துவைத்திருந்த அதே மலையைப் பார்த்து நின்றார். பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. அத்தான் ஹாரன்கூட அடிக்கவில்லை. கீழேயிருந்து ஏறி வந்த லாரிக்காரனைக் கையசைத்து மெதுவாகப் போகச் சொன்னார்.

விருந்தாளி முடித்துவிட்டு வந்தபோது தேனிப் பக்கம் இன்னும் ஒரு கீற்று வெயில் மிச்சமிருந்தது. எனக்கு அதைக் காட்டிவிட்டு ஏறினார். நான் கல்லை எடுத்தேன், வண்டி ‘கிளம்பாமல்’ உருண்டது.

நிஜ அஸ்தமனத்துக்கும் காலண்டர் ஆறு மணிக்கும் நடுவே இந்த மாதம் சில நிமிடங்கள் இருக்கின்றன. சரியான கணக்கில் அப்போது ராகுகாலம் முடிந்திருக்கும். அத்தான் கணக்கில் முடிந்திருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கித் தருவதாக அவரைப் போடிமெட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். சூரியன் கேரளாப் பக்கம் இறங்குவதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். எஞ்சின் அணைந்திருக்கும். ஆறு அடிப்பதற்குள் அவரைச் சாவியைத் திருகவைக்க வேண்டும். டயர் நான்கையும் சனிக்கிழமையே பார்த்துவைத்துவிடுவேன்.