கண்களை மூடவும்ங்க

கோவை காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பதினாறு வருடம் சேலை விரித்துப் போட்டேன். நின்று நின்று வீணாய்ப்போன இடுப்பை யோகாதான் மீட்டுக் கொடுத்தது. நாற்பத்திரண்டு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, யோகா ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பொள்ளாச்சி தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் மூன்று மாதம் தங்கிப் படிக்க வேண்டும். "ஏனுங் அண்ணி, இருக்கற வேலையையும் உட்டுப்போட்டுத் தலைகீழா நிக்கப் போறீங்களாக்கும்?" என்று நாத்தனார் கேட்டாள். "ஆமா கண்ணு, வந்து பாரு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆசனங்கள் வந்துவிட்டன. மூச்சுப் பயிற்சியும் வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை. அங்கே எல்லாம் மரபு வழி. வகுப்பில் சொல்ல வேண்டியது அச்சடித்த தாளில் இருக்கும், ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது. நான் மாதிரி வகுப்பில் எழுந்து நின்று, "கண்களை மூடவும்ங்க" என்றேன். கூடமே சிரித்தது. சுதாரித்துக்கொண்டு, "கால்களை நீட்டவும்ங்க" என்றேன். அவ்வளவுதான், தரையில் உருண்டு சிரித்தார்கள். எங்கள் பயிற்சியாளர் சென்னைக்காரப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். "அக்கா, இது சேலை வியாபாரம் இல்லை" என்றார். சுருக்கென்றது. அந்த வகுப்பில் நான் தேறவில்லை. இறுதி வகுப்பிலும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. பழைய கடையில் போய் மறுபடி நிற்க வேண்டியதுதான்.

விடுவேனா? தட்டுக் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் "உயர்த்தவும், தாழ்த்தவும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பத்தே நாளில் அந்த 'ங்க' போயே போய்விட்டது.

இறுதி வகுப்புக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆட்களை அழைத்திருந்தார்கள். தேங்காய் உரிப்பவர்கள், பால்காரர், தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். யோகாவைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். தாளில் இருந்தபடி பிசகில்லாமல் சொன்னேன். "கண்களை மூடவும்." ஒருவரும் முழுதாக மூடவில்லை. பஸ் ஸ்டாண்டு அறிவிப்பைக் கேட்பவர்கள் மாதிரி விறைத்துக்கொண்டு, அரைக்கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசை அம்மா ஒருவர், வாசலில் விட்ட செருப்பு இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பயிற்சியாளரோ திருப்தியாக மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்க, ஒண்ணும் வெக்கப்படாதீங்க. கண்ணை மூடிக்குங்க. செருப்பை நான் பாத்துக்கறனுங்க. அம்மணி, தோளை எறக்கி உடுங்க. அப்புடியே மெதுவா மூச்சை உடுங்க."

மூடினார்கள். விறைத்திருந்த தோள்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வெளியே தென்னை மட்டை ஒன்று தடாலென்று விழுந்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இதற்குத்தான் வந்தேன் என்று அப்போது தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் பயிற்சியாளர் பக்கத்தில் வந்தார். "பத்து இடத்துல வாசகம் மாறியிருக்கு."

"தெரிஞ்சேதானுங்க மாத்துனேன். பெயில் போடறதுன்னா போடுங்க" என்றேன். வீராப்பாகச் சொன்னேனே தவிர, பழைய கடைதான் கண்முன் வந்து நின்றது.

அவர் பதில் சொல்வதற்குள் முன்வரிசை அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஏனுங் அம்மணி, நாளைக்கு எத்தனை மணிக்குங்க?" அவருக்குப் பின்னால் பால்காரரும் மற்றவர்களும் நின்றார்கள். ஒரு நாள் தேர்வுக்காகத்தான் அழைத்தோம் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

பயிற்சியாளர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மதிப்பெண் தாளின் அடியில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அவங்க உங்களைத்தான் கேக்கறாங்க டீச்சர்" என்றார். "நேரத்தைச் சொல்லுங்க."